காடும் கரம்பும் கழியும்

அரசாங்கத்தின் நில ஆவணங்களை மொழிபெயர்க்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு சொல் அடிக்கடி எதிர்ப்படும். ஆங்கிலத்தில் அது ‘வேஸ்ட் லேண்ட்’. தமிழில் தரிசு என்றோ பாழ்நிலம் என்றோ எழுதிவிட்டு அடுத்த வரிக்குச் சென்றுவிடுவது வழக்கம். ஆனால் வருவாய்த் துறையார் அச்சொல்லை முதலில் வழங்கியபோது, தீர்வை வராத நிலம் என்பதே அவர்கள் கொண்ட பொருள். பயனற்ற நிலம் என்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. நம் ஊர்ப் ‘புறம்போக்கு’ என்ற சொல்லுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. தீர்வைக் கணக்குக்குப் புறம்பாக, ஊருக்குப் பொதுவாக விடப்பட்ட ஏரிக்கரையையும் மேய்ச்சல் தரையையும் கடலோரத்தையும் குறித்த சொல் அது. இன்று அதைக் கொண்டு ஒருவரை ஏசுகிறோம். ஹரியானா மாநிலத்து நில ஏடுகளில் இதனினும் விநோதமான பெயர் ஒன்றுண்டு: ‘கைர் மும்கின் பஹாட்’. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘இயலாத மலை’ என்று வரும். உழுது பயிரிட இயலாத மலை என்பது கருத்து.

இவ்வாறு ‘இயலாதவை’ என்று எழுதி வைக்கப்பட்ட நிலங்களில் எல்லோருக்கும் எளிதில் இயலக்கூடிய செயல் ஒன்று உண்டு. அதுதான் நடத்தல். வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சென்று வரக்கூடிய மூன்று நடைகளைப் பற்றி இன்று பேச எண்ணுகிறேன். ஒன்று காட்டு வழி. அது மும்பையில் உள்ளது. மற்றொன்று முட்புதர் மண்டிய கரம்பு நிலம். அதற்குத் தில்லிக்குச் செல்வோம். மூன்றாவது, கடல் நீர் ஏறி இறங்கும் கழிநிலம். அதற்காக மீண்டும் மும்பைக்கே வருவோம். மலையேற்றப் பயிற்சி எதுவும் இவற்றுக்கு வேண்டியதில்லை. ஆறு வயதுக் குழந்தையும் அறுபது வயதுப் பாட்டியும் உடன் வரலாம்.

முதலில் காடு. மும்பை நகரின் வட பகுதியில், போரிவலி ரயில் நிலையத்திலிருந்து சிறிது தொலைவிலேயே, சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் வாயில் இருக்கிறது. ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தக் காட்டைச் சுற்றிலும் நகரம் நெருக்கிக்கொண்டு நிற்கின்றது. இதனுள் இருக்கும் விகார் ஏரி 1860-லும் துளசி ஏரி 1879-லும் கட்டி முடிக்கப்பட்டவை. மும்பை மக்கள் பருகும் நீரில் ஒரு பங்கை இன்றும் இவை தருகின்றன. வாயிலிலிருந்து கான்ஹேரி குகைகள் வரையில் செல்லும் பாதை சுமார் 6 கிலோமீட்டர். நல்ல சாலை, வழி தவற இடமில்லை. தேக்கும் இலவும் புரசும் இரு மருங்கிலும் நிற்கும். புரசு என்றால் சென்னைக்காரர்களுக்குப் புரசைவாக்கம் நினைவுக்கு வரும். அந்த மரத்தால் அவ்வூர் பெயர் பெற்றது என்பார்கள். அதே மரத்தை மராட்டியர் ‘பளஸ்’ என்கிறார்கள். தில்லியில் ‘டாக்’ என்கிறார்கள். மாசி, பங்குனியில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டுத் தீப்பிடித்தாற்போல் அது பூத்து நிற்பதைக் கண்டவர் மறக்க மாட்டார்.

இக்காட்டில் ‘கார்வி’ என்றொரு புதர்ச்செடி மலைச்சரிவெங்கும் வளர்கிறது. அதன் தண்டுகளைப் பின்னி மண் பூசி, இப்பகுதி வார்லிப் பழங்குடியினர் தம் குடிசைகளுக்குச் சுவர் அமைப்பது வழக்கம். இச்செடி எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையே பூக்கும். 2016-லும் 2024-லும் பூத்தது. அடுத்துப் பூப்பது 2032-ல். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியும் இதுவும் ஒரே இனத்துச் செடிகள். மும்பைவாழ் தமிழர் குறிஞ்சியின் உறவைக் காண மூணாறு வரை செல்ல வேண்டுவதில்லை.

கான்ஹேரியில் கரும்பாறையைக் குடைந்து அமைத்த குகைகள் நூற்றுக்கும் மேற்பட்டவை. கிறிஸ்து பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே பௌத்தத் துறவிகள் இங்கு வாழத் தொடங்கினர். மழைநீரைப் பாறையில் வெட்டிய வாய்க்கால் வழியே தொட்டிகளில் சேர்த்து அவர்கள் கோடையைக் கடத்திய முறையை, குழந்தைகளுக்கு நேரில் காட்டலாம். கல்யாண், சோபாரா போன்ற துறைமுகப் பட்டினங்களின் வணிகர்கள் அளித்த கொடைகளைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. பின்னர் 1009-லும் 1021-லும் பார்சிக் கூட்டத்தார் இங்கு வந்து, தம் வருகையையும் தம் பெயர்களையும் பஹ்லவி எழுத்தில் பொறித்துச் சென்றிருக்கிறார்கள். பிழைக்க வந்த ஊரில் ஒரு காட்டு நடை செல்வது ஆயிரம் ஆண்டுப் பழக்கம் என்று இதனால் அறிகிறோம். நாமும் பெயரைப் பொறிக்க வேண்டும் என்பதில்லை. பார்த்து வந்தால் போதும்.

இந்தக் காட்டில் சிறுத்தைகள் உள்ளன. அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் ஒழுங்கு வேண்டும். பகற்பொழுதில், அனுமதிக்கப்பட்ட பாதையில், கூட்டமாகச் செல்லுங்கள். சிறு குழந்தைகளை முன்னே ஓட விடாதீர்கள். பொதுவாகத் திங்கட்கிழமைகளில் பூங்கா மூடப்பட்டிருக்கும்.

இனித் தில்லிக்கு வருவோம். கரோல் பாக் பகுதியிலும் இராமகிருஷ்ணபுரத்திலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வாழ்கின்றனர். இராமகிருஷ்ணபுரத்தில் 1973-ல் குடமுழுக்குக் கண்ட சுவாமிநாத சுவாமி கோயிலை ‘மலை மந்திர்’ என்று வடநாட்டாரும் அழைக்கின்றனர். அந்த மலை எங்கிருந்து வந்தது என்று பலரும் கேட்பதில்லை. குஜராத்தில் தொடங்கி இராஜஸ்தான், ஹரியானா வழியாக வரும் ஆரவல்லித் தொடர், தில்லியில்தான் முடிகிறது. அதன் கடைசிக் கற்களுள் ஒன்றின்மேல் முருகன் நிற்கிறான். கரோல் பாக் பகுதியை ஒட்டியுள்ள மத்திய ரிட்ஜும், பல்கலைக்கழகத்தின் அருகே உள்ள வடக்கு ரிட்ஜும் அதே தொடரின் துண்டுகள். ‘ரிட்ஜ்’ என்பதை மலைமுகடு என்று பெயர்க்கலாம். ஆயினும் தில்லிவாசிகள் யாவரும் ரிட்ஜ் என்றே வழங்குவதால் நாமும் அப்படியே கொள்வோம்.

வடக்கு ரிட்ஜில் நடப்பது மிக எளிது. 1828-ல் கட்டப்பட்ட கொடிமர கோபுரம் ஒரு கோடியில் நிற்க, 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் நினைவுச் சின்னம் மறு கோடியில் நிற்கிறது. இடையே புதர்க்காடு. இங்கு ஓங்கிய மரங்களை எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாற்றமடைவர். மண் குறைவு, பாறை மிகுதி, மழை சில வாரங்களுக்கே. ஆதலின் இங்கு வளர்பவை எல்லாம் நீரைச் சிக்கனமாகச் செலவிடும் செடிகள்: இலை சிறுத்து, முள் மிகுந்து, வேர் ஆழ்ந்து நிற்பவை. இராமநாதபுரம், திருநெல்வேலிக் கரிசற் சீமையிலிருந்து வந்தவர்களுக்கு இவை பழைய அறிமுகங்கள். ‘பேர்’ என்பது நம் இலந்தை. ‘கேஜ்ரி’ என்பது வன்னி. ‘பீலு’ என்பது உகா. ‘கீக்கர்’ என்பது கருவேலம். வேரோடிப் பரவி மற்றச் செடிகளை நெருக்கும் அயல்நாட்டு மரம் ஒன்றை இங்கு ‘விலாயதி கீக்கர்’ என்பர். நாம் அதனைச் ‘சீமைக் கருவேலம்’ என்கிறோம். விலாயதி என்றாலும் சீமை என்றாலும் கடல் கடந்த நாடு. ஒருவரை ஒருவர் கேளாமலே, இரண்டாயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் இரு மொழியினர் ஒரே பெயரை வைத்திருக்கின்றனர்! ஒரு காலை நடையில், பிள்ளைகளுக்கு இரண்டு மொழியிலும் பத்து மரப்பெயர்கள் சேர்ந்துவிடும். மயிலும் கவுதாரியும் அகவலும் கூவலுமாகத் துணைக்கு வரும். குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்காதிருந்தால் அவற்றால் தொல்லை குறையும்.

இத்தகைய கரம்பு நிலங்களுக்கு நேர்ந்ததையும் அறிந்திருத்தல் நன்று. காட்டை அழித்தால் கண்டிப்பதற்கு நால்வர் உண்டு. முட்புதர்க் குன்றைக் கல்லுக்காக உடைத்தால் அதனை இழப்பு என்று எண்ணுவோர் குறைவு. ஏட்டிலேயே அது ‘இயலாத மலை’யன்றோ! இராஜஸ்தானில் ஆராயப்பட்ட 128 ஆரவல்லிக் குன்றுகளில் 31 குன்றுகள் மறைந்துவிட்டன என்ற செய்தி 2018-ல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தபோதுதான் நாடு திடுக்கிட்டது. மேற்கிலிருந்து வரும் பாலைப் புழுதியைத் தடுப்பதும், பாறை வெடிப்புகளின் வழியே மழைநீரை நிலத்தடிக்கு அனுப்புவதும் அக்குன்றுகளின் வேலை. மாறான நற்செய்தியும் உண்டு. குருகிராமத்தில் கல்லெடுத்துக் கைவிட்ட சுரங்க நிலத்தில், 2010 முதல் குடிமக்கள் கூடி உள்ளூர் மரங்களையே நட்டு ஆரவல்லி உயிர்ப்பன்மைப் பூங்கா ஒன்றை உருவாக்கினர். அதுவும் தில்லிவாசிகள் நடந்து பார்க்கத்தக்க இடமே.

மூன்றாவதாகக் கழிநிலம். மும்பையின் கிழக்கே தாணேக் கழி கிடக்கிறது. கடல் நீர் நாளுக்கு இருமுறை உள்ளே ஏறி, இருமுறை வடிகிறது. வடிந்தபின் தோன்றும் சேற்றுப் பரப்பில், கார்த்திகை தொடங்கி வைகாசி வரையில், பூநாரைகள் வந்து இரை தேடுகின்றன. இலட்சத்துக்கும் மேற்பட்டவை வந்த ஆண்டுகள் உண்டு. நம் கோடியக்கரைக்கும் பழவேற்காட்டுக்கும் வரும் அதே பறவைதான். சேற்று நீரில் உள்ள நுண்பாசியை வடித்து உண்பதால் அதன் இறகு சிவக்கிறது. இக்கழியில் ஏறத்தாழ 17 சதுர கிலோமீட்டர் 2015-ல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலிலும் இடம் பெற்றது.

ஐரோலியில் வனத்துறை அமைத்துள்ள கடலோர உயிர்ப்பன்மை மையத்திலிருந்து கண்டல் மரங்களினூடே நடந்து செல்லலாம், படகிலும் போகலாம். மரங்களைச் சுற்றிச் சேற்றிலிருந்து விரல் விரலாக நீட்டிக்கொண்டிருப்பவை மூச்சு வேர்கள். சேற்றில் காற்றில்லாமையால் வேரே மேலெழுந்து மூச்சு விடுகிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த தில்லை மரமும் இக்கழிகளில் வளர்வதுண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் கேடு. குழந்தைகள் கிளையை ஒடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாராவியில் வாழ்பவர்களுக்கு இன்னும் அருகிலேயே ஓர் இடம் உண்டு. மித்தி ஆற்றங்கரையில் குப்பை மேடாகக் கிடந்த சுமார் 37 ஏக்கர் நிலத்தைத் திருத்தி, மரம் நட்டு, 1994-ல் திறந்த மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவே அது. நடைக்குப் புதியவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

கழியில் நடக்கும் நேரத்தைக் கடிகாரம் பார்த்து முடிவு செய்யக்கூடாது. ஓதத்தைப் பார்க்க வேண்டும். ஓதம் நாள்தோறும் சுமார் ஐம்பது நிமிடம் பிந்தி வரும். நீர் வடியத் தொடங்கும் வேளையில் கரையில் இருந்தால் பறவைகள் அருகே நிற்கும். முற்றும் வடிந்தபின் அவை தொலைவுக்குப் போய்விடும். சேற்றில் இறங்குவது ஆபத்து. கரையிலோ மரப்பாலத்திலோ நிற்பதே முறை.

கழிநிலமும் நெடுங்காலம் பாழ்நிலமாகவே கருதப்பட்டது. மண் கொட்டி நிரப்பினால் வீட்டுமனை. அதுவே அதன் பயன் என்று எண்ணினர். மித்தி ஆற்றின் சதுப்பின்மேல் பாந்திரா-குர்லா வணிக வளாகம் எழுந்தது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. வெள்ளம் பரவி நிற்பதற்கு முன்பிருந்த இடம் இல்லாமையால் வீடுகளுக்குள் புகுந்தது. உயிரிழந்தோர் பலர். தாழ்ந்த பகுதிகளில் வாழ்ந்த நம்மவர் பலர் அந்நாளை மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய மழைக்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் நீர் தங்க இடமளிப்பதே சதுப்பின் தொழில் என்பதை அன்று நகரம் கற்றது. கண்டல்களை அழித்தல் வாழ்வுரிமைக்கே மாறானது என்று 2018-ல் மும்பை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நேயர்களே, வெளியூரில் வாழும் நமக்கு அலுவலகம், வீடு, கோயில், காய்கறிக் கடை என்னும் நான்கு இடங்களே ஊராகிவிடுகின்றன. நீண்ட விடுமுறை கிடைத்தால் ரயிலேறிச் சொந்த ஊருக்குச் செல்கிறோம். அது தகும். ஆனால் ஆண்டில் மற்ற நாட்களெல்லாம் நம் பிள்ளைகள் வளர்வது இந்த மண்ணில்தான். இதன் குன்றையும் கழியையும் அறியாத பிள்ளை, தமிழ்நாட்டுக்கும் விருந்தாளி, இங்கும் வாடகைக்காரன் என்று ஆகிவிடக்கூடும். ஒரு நிலத்தில் நடந்து, அதன் மரத்தைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்தவன், நாளை அதே நிலம் ‘பாழ்’ என்று எழுதப்பட்ட காகிதம் தன் மேசைக்கு வரும்போது சற்று நின்று படிப்பான். நம்மவர் பலர் அத்தகைய காகிதங்கள் வந்து சேரும் மேசைகளில்தான் அமர்ந்திருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது சிறிது. தில்லியில் மாசி, பங்குனி. மும்பைக் காட்டுக்கு மார்கழி, தை. கழிக்குத் தை முதல் சித்திரை வரை. உறுதியான செருப்பு, ஒரு குப்பித் தண்ணீர், வெயிலுக்கு ஒரு துண்டு. எலுமிச்சஞ்சாதம் கட்டிக்கொண்டால் இலையையும் காகிதத்தையும் திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்துவிட வேண்டும். உள்ளூர்க்காரர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் மரத்துக்கு ஒரு பெயர் சொல்வார். நீங்கள் ஒரு பெயர் சொல்லுங்கள்.