அடுப்படிக் கணக்கும் சம்பளக் கணக்கும்
(எமது சங்க மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



சிக்கனமாகச் சமைப்பது எப்படி என்று பேசுங்கள் எனக் கேட்டிருந்தீர்கள். ஒரு விசயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சிக்கனத்தை எங்களுக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தரத் தேவையில்லை. ஒரு தேங்காய் மூடியில் எட்டுப் பேருக்குச் சம்பல் அரைத்தவர்கள் நாங்கள். 1970களில் அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு வந்து, தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் விழுந்த காலத்தில், கீரையையும் கிழங்கையும் அவித்துக் கொடுத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றியவர்கள் எங்கள் பாட்டிமார். ஒவ்வொரு காம்பராவிலும் ஒவ்வொருவர் வைத்திருக்கும் அந்த அறிவை ஒன்றாகச் சேர்க்கத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

ரொட்டியிலிருந்து தொடங்குவோம். காலையிலும் ரொட்டி, மலைக்குக் கட்டிக்கொண்டு போவதும் ரொட்டி. வெறும் கோதுமை மா ரொட்டி வயிற்றை நிரப்பும், உடம்புக்குப் பெலன் கொடுக்காது. ஒரு கிலோ மா எடுக்கும் இடத்தில் முக்கால் கிலோ கோதுமை மாவும் கால் கிலோ குரக்கன் மாவும் சேருங்கள். குரக்கன் இல்லாத நாளில் அவித்து மசித்த உருளைக்கிழங்கோ மரவள்ளியோ சேர்த்தால் மா குறையும், ரொட்டியும் மெதுவாக இருக்கும். கறிக்குப் பால் பிழிந்த தேங்காய்ப்பூவை எறியாதீர்கள். அதையும் மாவில் போட்டுப் பிசையலாம்.

அடுத்தது கீரை. மரக்கறித் தோட்டம் வைத்திருப்பவர்கள் கிழங்கை விற்றுவிட்டு இலையை மாட்டுக்குப் போடுகிறோம். ராபு இலை, பீட்ரூட் இலை, நோக்கோல் இலை, பூசணிக்கொழுந்து எல்லாமே சுண்டலுக்கு ஏற்றவை. பொடியாக அரிந்து, வெங்காயம், செத்தல் மிளகாய், கொஞ்சம் தேங்காய்ப்பூ போட்டு வதக்கி, இறக்கியபின் தேசிக்காய்ப் புளி விடுங்கள். புளி ருசிக்கு மட்டுமல்ல. கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவும் அது உதவுகிறது.

இந்த இடத்தில் தேத்தண்ணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் பறிக்கும் கொழுந்துதான், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். சாப்பாட்டோடு குடிக்கும் சாயத் தண்ணி, அந்தச் சாப்பாட்டின் இரும்புச்சத்து உடம்பில் சேராமல் தடுக்கிறது. எங்கள் பெண்கள் பலருக்கு இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் சொல்கிறார்கள். தேத்தண்ணியை விட வேண்டாம். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையையும் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள்.

இறைச்சியும் மீனும் எட்டாத விலையில் இருக்கின்றன. கடலை, பயறு, பருப்பு ஆகியவற்றில் ஒன்றாவது தினமும் சோற்றோடு அல்லது ரொட்டியோடு சேரட்டும். கடலையை இரவே ஊறப்போட்டால் பாதி விறகு மிச்சம். ஒரு பிடி நெத்தலியை வறுத்து இடித்துச் சம்பலில் கலந்தால் வீட்டில் எல்லோருக்கும் பங்கு கிடைக்கும்.

பாணை வீட்டிலேயே சுடலாமா என்று சகோதரிகள் கேட்டார்கள். போறணை இல்லாமலே சுடலாம். ஒரு கிலோ மாவுக்கு இரண்டு தேக்கரண்டி ஈஸ்ட், இரண்டு தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி சீனி, இளஞ்சூட்டுத் தண்ணீர் 600 மில்லி லீற்றர் அளவில் வேண்டும். பத்து நிமிடம் நன்றாகப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள். எங்கள் குளிருக்கு மா இரட்டிப்பாக ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் எடுக்கும், அவசரப்படாதீர்கள். பிறகு எண்ணெய் தடவிய சட்டிகளில் பாதியளவுக்கு வைத்து, இன்னும் அரை மணித்தியாலம் பொங்கவிடுங்கள். ஒரு பெரிய தாச்சியில் மணல் பரப்பிச் சூடாக்கி, அதற்குள் சட்டியை இறக்கி, தகர மூடி போட்டு, மூடியின் மேல் தணலைப் பரப்புங்கள். மிலாறு விறகின் தணல் இதற்கு நல்லது. முக்கால் மணித்தியாலத்தில் பாணின் அடியைத் தட்டிப் பாருங்கள். வெறும் பெட்டியைத் தட்டுவது போல் சத்தம் வந்தால் வெந்துவிட்டது. ஒரு கிலோ மாவில் 450 கிராம் பாண் மூன்று கிடைக்கும். கடை விலையோடு நீங்களே கணக்குப் பாருங்கள். ஒரு சட்டிக்காக அடுப்பு மூட்டினால் விறகு நட்டம். லயத்தில் நாலு வீடு சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை சுடுங்கள்.

சேர்ந்து செய்ய வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. கடையில் கடனுக்குக் கால் கிலோ, அரைக் கிலோ என்று வாங்கும்போதுதான் எங்கள் காசு அதிகம் போகிறது. பத்துக் குடும்பம் சேர்ந்து, சம்பள நாளில் மாவையும் பருப்பையும் மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். எல்லோர் முன்னிலையிலும் நிறுக்க வேண்டும், கொப்பியில் எழுத வேண்டும், எழுதுபவர் மாதத்துக்கு மாதம் மாற வேண்டும். அப்படிச் செய்தால் சண்டை வராது.

தோழர்களே, ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. நாள் முழுக்க மலையில் நின்ற பெண், வீட்டுக்கு வந்து சமைத்து, எல்லோருக்கும் போட்டு, சட்டியில் ஒட்டியதைக் கடைசியாகச் சாப்பிடுகிறாள். அதற்குப் பெயர் சிக்கனம் இல்லை. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். கர்ப்பிணித் தாய்க்குக் கொடுக்கும் திரிபோஷாவை வீடு முழுக்கப் பங்கு போடாதீர்கள், அது அவளுக்கு உரியது. மா பிசையவும் விறகு பிளக்கவும் ஆண் கைக்கும் தெரியும்.

கடைசியாக ஒன்று. நாங்கள் சிக்கனமாக வாழ்கிறோம் என்பதைக் காட்டி, சம்பளம் போதும் என்று யாரும் சொல்ல விடக்கூடாது. 2021இல் நாள் சம்பளம் ஆயிரம் ரூபாவானது. அடுத்த வருடமே மாவின் விலை மடங்குக் கணக்கில் ஏறி, அந்த ஆயிரத்தின் பெறுமதியைத் தின்றுவிட்டது. எவ்வளவு கெட்டிக்காரி சமைத்தாலும் இல்லாத பருப்பு வேகாது. ஆகவே இந்த மாதம் ஒவ்வொரு வீட்டிலும் அரிசி, மா, பருப்பு, தேங்காய், மண்ணெண்ணெய் என்று செலவானதைக் கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்தக் கொப்பிகளைக் கொண்டுவாருங்கள். சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் எங்கள் பிரதிநிதிகள் வைக்க வேண்டியது அந்தக் கணக்கைத்தான்.