வென்றவரும் வல்லவரும்



இலக்கிய அவையில் விளையாட்டைப் பற்றிய பேச்சா என்று சிலர் வியக்கக்கூடும். இன்றைய பேச்சின் பொருள் தேர்வு. பலருள் சிலரைத் தெரிந்தெடுப்பவர் எதனை அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்னும் வினா, கவியரங்கிலும் தொகைநூலிலும் பரிசுக் குழுவிலும் பழகியவர்களுக்குப் புதிதன்று. அந்த வினா அண்மைக் காலத்தில் மிகக் கூர்மையாக எழுந்த இடம் ஒன்று உண்டு. அது அமெரிக்கப் பல்கலைக்கழகக் கால்பந்துக் களம்.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் இளைஞர்கள் தொலைக்காட்சியின் முன் கூடியிருந்தனர். அப்பருவத்தில் அவர்கள் ஆடிய ஆட்டங்கள் 13, வென்றவையும் 13. முந்தைய இரவுதான் லூயிவில் அணியை 16-6 என்ற புள்ளிக்கணக்கில் வென்று, தம் கூட்டமைப்பின் வாகையைச் சூடியிருந்தனர். தேசியப் பட்டத்துக்கான இறுதிச் சுற்றில் நான்கு அணிகளுக்கே இடம். பெயர்கள் அறிவிக்கப்பட்டன: மிச்சிகன், வாஷிங்டன், டெக்சாஸ், அலபாமா. ஃபுளோரிடா ஸ்டேட் ஐந்தாம் இடத்தில் நிறுத்தப்பட்டது.

நாட்டின் ஐந்து பெருங்கூட்டமைப்புகளுள் ஒன்றின் வாகையைச் சூடி, ஓர் ஆட்டமும் தோற்காத அணி, நால்வர் சுற்று தொடங்கிய 2014 முதல் அதுவரை ஒருமுறையும் வெளியே நிறுத்தப்பட்டதில்லை. உள்ளே சேர்க்கப்பட்ட டெக்சாசும் அலபாமாவும் ஒவ்வோர் ஆட்டம் தோற்றவை. தோற்காதவர் வெளியே, தோற்றவர் உள்ளே என்னும் இந்த முடிவு எவ்வாறு நேர்ந்தது?

முதலில் அந்த ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். பெயர் கால்பந்தாயினும், பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது அது. தாக்குதலை முன்னின்று நடத்திப் பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக் எனப்படுவார். உடலோடு உடல் மோதும் ஆட்டமாதலின் வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் ஆட இயலாது. முதல் தரத்தில் 130க்கும் மேற்பட்ட அணிகள் இருக்க, ஓர் அணி ஒரு பருவத்தில் ஆடுவதோ 12 அல்லது 13 ஆட்டங்கள். எல்லாரும் எல்லாரோடும் மோதிப் பார்க்க வழியில்லை. களம் சொல்லாமல் விட்டதை யாரேனும் மதிப்பிட்டுச் சொல்லியாக வேண்டும். வழக்கின் வேர் இங்கேதான் இருக்கிறது.

நெடுங்காலம் அந்த மதிப்பீட்டை வாக்குகளே செய்தன. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 1936 முதல் வாரந்தோறும் செய்தியாளரின் வாக்குகளைத் திரட்டி அணிகளை வரிசைப்படுத்தி வந்தது. 1950 முதல் பயிற்சியாளர்களின் வாக்கெடுப்பும் உடன் சேர்ந்தது. இரண்டும் ஒத்துப்போகாத ஆண்டுகளில் நாட்டுக்கு இரு வாகையர். 1990இல் கொலராடோவும் ஜார்ஜியா டெக்கும், 1991இல் மயாமியும் வாஷிங்டனும், 1997இல் மிச்சிகனும் நெப்ராஸ்காவும் ஒரே பட்டத்தைப் பங்கிட்டுக்கொண்டன.

மனிதர் மாறுபடுகின்றனர், கணிப்பொறி மாறுபடாது என்னும் நம்பிக்கை அடுத்து வந்தது. 1998இல் தொடங்கிய முறை, வாக்குகளையும் கணிப்பொறிக் கணக்குகளையும் கூட்டி, முதலிரு அணிகளை ஓர் இறுதி ஆட்டத்தில் மோதவிட்டது. 2003ஆம் ஆண்டுப் பருவத்தில் அந்த முறை தன் குறையைத் தானே வெளிப்படுத்தியது. செய்தியாளரும் பயிற்சியாளரும் ஒருங்கே முதலிடம் தந்த தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் கூட்டுக்கணக்கில் மூன்றாவதாகி, இறுதி ஆட்டத்துக்கு வெளியே நின்றது. லூயிசியானா ஸ்டேட் இறுதி ஆட்டத்தை வென்றது. செய்தியாளரோ தென் கலிஃபோர்னியாவுக்கே பட்டம் சூட்டினர். அடுத்த ஆண்டு ஆபர்ன் அணி ஓர் ஆட்டமும் தோற்காமல் இருந்தும் இறுதி ஆட்டத்தில் இடம்பெறவில்லை. அதன்பின் அசோசியேட்டட் பிரஸ் தன் வரிசையை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாமென்று விலகிக்கொண்டது.

2014இல் நால்வர் சுற்றும் அதற்கென ஒரு தேர்வுக்குழுவும் பிறந்தன. குழுவினர் 13 பேர். விளையாட்டுத் துறை இயக்குநர், முன்னாள் பயிற்சியாளர், முன்னாள் வீரர் முதலியோர் அதில் அமர்வர். டெக்சாஸ் மாநிலத்தின் கிரேப்வைன் நகரில் கூடி, அணிகளைச் சிறு சிறு தொகுதிகளாக எடுத்து மறைவாக வாக்களிப்பர். யார் எவ்வாறு வாக்களித்தார் என்பது வெளியிடப்படுவதில்லை. கூட்டமைப்பு வாகை, எதிரணிகளின் வலிமை, நேருக்கு நேர் மோதிய முடிவு ஆகியவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று குழுவின் நெறிமுறை கூறுகிறது. இன்னொன்றும் அதில் எழுதப்பட்டிருந்தது: முக்கிய வீரர் எவரேனும் ஆட இயலாத நிலை, இனி வரும் ஆட்டத்தைப் பாதிக்குமாயின் அதனையும் கருதலாம் என்பது.

அந்த ஒரு விதிதான் 2023இல் ஃபுளோரிடா ஸ்டேட்டின் வாயிலை அடைத்தது. நவம்பர் 18ஆம் நாள் அதன் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிசின் கால் முறிந்தது. அடுத்த ஆட்டத்தில் மாற்று வீரர் தலைமை தாங்க, 24-15 என அணி வென்றது. அவரும் காயமுற்றதால், கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்தில் முதலாண்டு மாணவர் ஒருவர் களமிறங்கினார். அன்றும் வெற்றியே, ஆனால் அந்த வெற்றியைத் தந்தது தற்காப்பு அணி. எதிரணியை ஆறு புள்ளிகளோடு நிறுத்திய ஆற்றலைக் காட்டிலும், தம் பக்கம் எடுத்த புள்ளி பதினாறே என்பதுதான் குழுவின் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தது போலும்.

மறுபக்கத்தின் நியாயத்தையும் சொல்லாமல் விடுவது முறையன்று. அலபாமா, தொடர்ந்து 29 ஆட்டங்கள் வென்று வந்த ஜார்ஜியாவை 27-24 என வீழ்த்தியிருந்தது. அந்த அலபாமாவை அதன் சொந்தக் களத்திலேயே செப்டம்பரில் 34-24 என வென்றது டெக்சாஸ். ஆகவே அலபாமாவைச் சேர்த்தால் டெக்சாசை விலக்க இயலாது. இவ்விரண்டும் சந்தித்த எதிரணிகள், ஃபுளோரிடா ஸ்டேட் சந்தித்தவற்றினும் வலியவை என்று வாதிட இடமுண்டு. ஆட இயலாத வீரரைப் பற்றிய விதியும் முன்பே எழுதி வைக்கப்பட்டதுதான். எவரையும் தடுப்பதற்காக அன்று இரவு புனையப்பட்டதன்று. குழுவினரின் நேர்மையில் ஐயம் கொள்ள வேண்டிய தேவையில்லை.

அப்படியாயின் பிழை எங்கே? இரு வேறு வினாக்களை ஒரே தாளில் எழுதி, ஒரே விடை கேட்டதில். இதுவரை செய்து காட்டியவர் யார் என்பது ஒரு வினா. இனிச் செய்யக்கூடியவர் யார் என்பது மற்றொரு வினா. முன்னதன் விடை வென்றவர். பின்னதன் விடை வல்லவர். பெரும்பாலான ஆண்டுகளில் இருவரும் ஒருவராகவே இருப்பதால் வேறுபாடு தெரிவதில்லை. ஓர் இளைஞனின் கால் முறியும்போதுதான் அவ்விரண்டும் பிரிந்து நிற்கின்றன.

2014இன் நிகழ்ச்சியையும் உடன் வைத்து நோக்க வேண்டும். அவ்வாண்டு ஒஹாயோ ஸ்டேட் அணியின் இரு குவார்ட்டர்பேக்குகள் காயத்தால் விலகினர். மூன்றாமவரான கார்டேல் ஜோன்ஸ் களமிறங்கிய ஆட்டத்தில் அணி விஸ்கான்சினை 59-0 என வென்றது. குழு அதனை ஐந்தாம் இடத்திலிருந்து நான்காம் இடத்துக்கு உயர்த்தியது. அதே நாளில் 55-3 என வென்ற டெக்சாஸ் கிறித்தவப் பல்கலைக்கழகம், மூன்றாம் இடத்திலிருந்து ஆறாம் இடத்துக்கு இறங்கியது. ஆக, மூன்றாம் வீரரோடு ஆடிய ஓர் அணிக்குக் கதவு திறந்தது. 9 ஆண்டுகளுக்குப்பின் அதே நிலையில் நின்ற மற்றோர் அணிக்குக் கதவு மூடியது. வேறுபாடு, வென்றதன் அழகில். வெற்றி போதாது, அது கண்ணைக் கவரவும் வேண்டும் என்றால், ஆட்டத்தின் விதிகளில் அது எங்கே சொல்லப்பட்டிருக்கிறது?

அறிவிப்பு வெளியான நாளில் டிராவிஸ் எழுதிய சில சொற்கள் பலர் நெஞ்சைத் தைத்தன. தன் கால் பருவத்தின் தொடக்கத்திலேயே முறிந்திருக்கலாகாதா, தன்னையும் கடந்து இந்த அணி எத்தகையது என்பதை அனைவரும் கண்டிருப்பார்களே என்பது அவற்றின் சாரம். தன் காயமே தன் தோழர்களின் குற்றமாக எண்ணப்பட்டதை ஓர் இளைஞன் அவ்வாறு உணர்ந்தான். அணியில் ஏறத்தாழ நூறு பேர் உழைக்கின்றனர். ஒருவன் வீழ்ந்தபின்னும் மற்றவர் வென்றனர் எனில், அது புகழுக்கு உரியதா, ஐயத்துக்கு உரியதா?

பின்னர் நடந்தவற்றைக் காட்டிக் குழுவின் முடிவே சரி என்போர் உளர். டிசம்பர் 30ஆம் நாள் ஆரஞ்சு பவுல் ஆட்டத்தில் ஃபுளோரிடா ஸ்டேட் ஜார்ஜியாவிடம் 63-3 எனத் தோற்றது. ஆனால் இலக்கு பறிபோனபின் முன்னணி வீரர் பலர் அந்த ஆட்டத்தில் ஆடாது விலகியிருந்தனர். களத்தில் நின்றது பெயரளவில்தான் அதே அணி. மேலும், பின்விளைவே சான்று என்றால், தேர்ந்தெடுக்கப்பட்ட அலபாமா மிச்சிகனிடமும், டெக்சாஸ் வாஷிங்டனிடமும் முதல் ஆட்டத்திலேயே தோற்றன என்பதையும் எண்ண வேண்டும். 2014இல் ஒஹாயோ ஸ்டேட் பட்டம் வென்றது. எனினும் வாய்ப்பே பெறாத டெக்சாஸ் கிறித்தவப் பல்கலைக்கழகம் என்ன செய்திருக்கும் என்பதை அந்த வெற்றி சொல்லவில்லை. கதவுக்கு வெளியே நின்றவரை உள்ளே நடந்தவற்றால் அளக்க முடியாது.

வருத்தம் களத்தோடு நிற்கவில்லை. அதே டிசம்பரில் ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகம் தன் கூட்டமைப்பின்மீது வழக்குத் தொடுத்தது, கூட்டமைப்பும் எதிர்வழக்காடியது. வழக்கு 2025 மார்ச்சில்தான் உடன்பாட்டில் முடிந்தது.

இடங்களைக் கூட்டினால் வழக்குத் தீரும் என்று கருதி, 2024இல் நான்கைப் பன்னிரண்டாக்கினர். வழக்கு தீரவில்லை, ஐந்தாம் இடத்திலிருந்து கீழே இடம்பெயர்ந்தது. அவ்வாண்டே 11-2 என்ற கணக்குடைய சதர்ன் மெதடிஸ்ட் உள்ளே வர, 9-3 என்ற கணக்குடைய அலபாமா வெளியே நின்றது. 2025 டிசம்பரில் நிகழ்ந்தது இன்னும் வியப்பானது. மயாமியும் நோட்டர் டேமும் 10-2 என்னும் ஒரே கணக்கில் நின்றன. ஆகஸ்டு 31ஆம் நாளிலேயே மயாமி நோட்டர் டேமை 27-24 என வென்றிருந்தது. இருந்தும் குழு வாரந்தோறும் வெளியிட்ட வரிசைகளில் நோட்டர் டேமே மேலே இருந்தது. இரண்டுக்கும் இடையே நின்ற பிரிகாம் யங் பல்கலைக்கழகம் இறுதி வாரத்தில் தோற்று இறங்க, இரண்டும் அடுத்தடுத்து வந்தன. அப்போதுதான் ஆகஸ்டின் வெற்றி கணக்கில் ஏறியது. மயாமி உள்ளே, நோட்டர் டேம் வெளியே. அவ்விரு அணிகளும் அந்த வாரம் ஆடவேயில்லை. முடிவு சரியாக இருக்கலாம். ஆனால் ஆகஸ்டில் எழுதப்பட்ட உண்மையைப் படிக்க டிசம்பர் வரை காத்திருந்தது ஏன் என்ற வினாவுக்கு விடையில்லை. நோட்டர் டேம் வேறெந்தப் பவுல் ஆட்டமும் வேண்டாமென்று பருவத்தை முடித்துக்கொண்டது.

கவிஞர் பெருமக்களே! ஒரு கவிதைப் போட்டிக்கு நூறு உறைகள் வருகின்றன. நடுவர் உறையைப் பிரித்து, உள்ளிருக்கும் கவிதையைப் படித்துப் பரிசு தருகிறார். இக்கவிஞர் அடுத்த மாதமும் இவ்வாறே எழுதுவாரா, அவர் உடல்நலம் எப்படி என்று அவர் கேட்பதில்லை. கேட்டால் அந்தப் போட்டி போட்டியாக இராது. ஆனால் அடுத்த வாரக் கவியரங்குக்கு ஒருவரை அனுப்ப வேண்டுமாயின், தொண்டை கட்டியிருப்பவரை விடுத்து வேறொருவரை அனுப்புவது தவறாகாது. வள்ளுவர் தெரிந்து வினையாடல் என ஓர் அதிகாரம் வைத்தது, வினையை ஒப்படைக்கும் இத்தகைய தேர்வுக்காகவே. பரிசளிப்பது வேறு, பணி ஒப்படைப்பது வேறு. முன்னதற்குச் செய்த செயல் சான்று. பின்னதற்கு ஆற்றலின் மதிப்பீடு சான்று. இரண்டும் முறையான தேர்வுகளே, எது நடக்கிறது என்பது போட்டியாளருக்கு முன்னரே தெரிந்திருந்தால்.

அமெரிக்கக் களத்தில் இல்லாதது அந்தத் தெளிவுதான். ஆட்டம் தொடங்கும் முன்பே, வென்றவருக்கு இடமா, வல்லவரெனக் கருதப்படுபவருக்கு இடமா என்று ஒன்றைச் சொல்லிவிடலாம். வாக்களித்தவர் தம் வாக்கைப் பெயரோடு வெளியிடலாம். அப்போதும் வருந்துவோர் இருப்பர். நூற்று முப்பது பேர் விரும்பும் பந்தியில் பன்னிருவருக்கே இலை என்றால் வருத்தம் ஒழியாது. ஆயினும் தோற்றவர் தாம் தோற்ற விதியைப் படித்துப் பார்க்க முடியும். 2023இல் அந்த இளைஞர்களுக்கு அதுவும் கிட்டவில்லை. 13 வாரங்கள் ஒரு விதியில் ஆடி வென்றார்கள். 13 பேர் அமர்ந்த அறையில் வேறொரு விதியில் தோற்றார்கள்.

தொகுப்பவராகவும் நடுவராகவும் அமரும் நாள் இவ்வவையில் பலருக்கும் வரும். அந்நாளில் உறைக்குள் இருக்கும் கவிதையை மட்டும் படிக்கும் உறுதி வாய்க்கட்டும்.