உயர்ந்த நிலையமும் தரையில் நிற்கும் மனிதனும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, ரயில்வேயில் குமாஸ்தாவாகக் காலங்கழிக்கும் என்னை, தூண்களின்மேல் எழும் ரயில் நிலையங்களைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். நான் பொறியியல் வல்லுநன் அல்லேன். ஆயினும் நாள்தோறும் நிலையங்களில் ஏறி இறங்கும் மக்களின் கால்களைப் பார்த்துப் பழகியவன். ஒரு நிலையத்தைக் கண்ணால் அளப்பதினும் காலால் அளப்பதே எனக்குத் தெரிந்த கணக்கு.

இப்பொருள் நமக்கு அயலானதன்று. அந்தேரி டி.என். நகரிலிருந்து மண்டாலே வரை வகுக்கப்பட்ட 2பி மெட்ரோ தடத்தின் ஒரு கோடி நம் பக்கத்தில்தான் இருக்கிறது. டைமண்ட் கார்டன், சிவாஜி சௌக், பி.எஸ்.என்.எல்., மான்கூர்டு, மண்டாலே ஆகிய ஐந்து நிலையங்களும் தூண்களின்மேல் எழுந்தவை. 2025 ஏப்ரலில் இப்பகுதியில் சோதனை ஓட்டம் தொடங்கியது.

உயரத்தில் ரயில் ஓடுவது இந்நகருக்குப் புதிதுமன்று. 1910இல் குர்லாவிலிருந்து ரே ரோடு வரை அமைந்த ஹார்பர் தடம், 1925இல் விக்டோரியா டெர்மினஸ் வரை நீட்டப்பட்டது. நெருங்கிய தெருக்களுக்கு நடுவே தரையில் இடமில்லாமையால் டாக்யார்டு ரோடு பக்கம் தடத்தையே உயர்த்தினார்கள். அவ்வாண்டு பிப்ரவரி 3ஆம் நாள் இந்தியாவின் முதல் மின்சார ரயில் இத்தடத்தில்தான் ஓடிற்று. சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு நிலையத்தில் கீழே மெயின் தடமும் மேலே ஹார்பர் தடமும் இன்றும் இரண்டடுக்காக இருக்கக் காண்கிறோம்.

இனி, இன்றைய மெட்ரோ நிலையத்தின் அமைப்பைப் பார்ப்போம். அது பெரும்பாலும் மூன்று தளங்களை உடையது. அடியில் சாலை, நடுவில் சீட்டு வாங்கும் இடைத்தளம், உச்சியில் நடைமேடை. தூண்கள் சாலையின் நடுத்திட்டில் ஊன்றப்படுவதால் இரு பக்கமும் வண்டிகள் தடையின்றிச் செல்லும். சாலையில் போகும் உயரமான லாரிகளுக்கு இடம்விட்டு, அதன்மேல் இடைத்தளத்தையும், அதற்கும் மேலே தடத்தையும் வைக்கிறார்கள். ஆகவே பயணி மூன்று நான்கு மாடி உயரம் ஏறியாக வேண்டியிருக்கிறது.

இடைத்தளம் எதற்கு? சாலையின் எப்பக்கத்திலிருந்து வருபவரும் அங்கே ஒன்றுகூடி, தாம் செல்லவேண்டிய திசையின் நடைமேடைக்குப் பிரிந்து செல்லலாம். மற்றொரு பயனும் உண்டு. ஏரிக்கு மதகு எப்படியோ அப்படியே நிலையத்துக்கு இடைத்தளம். கூட்டம் பெருகும்போது அங்கேயே நிறுத்தி, அளவாக மேலே விடுவதற்கு அது உதவுகிறது.

மதகு இல்லாவிடில் என்னவாகும்? 2017 செப்டம்பர் 29ஆம் நாளை நாம் மறக்கவியலாது. எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்தின் குறுகிய நடைபாலப் படிக்கட்டில், மழைக்கு ஒதுங்கியவர்களும் ரயிலிலிருந்து இறங்கியவர்களும் நெருக்குண்டு 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அன்று ரயிலும் கவிழவில்லை, தண்டவாளமும் முறியவில்லை. படிக்கட்டின் அகலம் போதாமையே உயிர்களைக் குடித்தது.

2025 ஆகஸ்டு 19ஆம் நாள் நிகழ்ந்ததும் நினைவிருக்கும். பெருமழையால் ஹார்பர் தடம் நின்றது. மக்கள் மோனோ ரயிலை நாடினர். அளவுக்கு மீறிய பாரத்தால் அது மைசூர் காலனிக்கும் பக்தி பார்க்குக்கும் இடையே அந்தரத்தில் நின்றுவிட, 500க்கும் மேற்பட்டோரைத் தீயணைப்புப் படையினர் ஏணி வைத்து இறக்கினார்கள். அடுத்த மாதமே அச்சேவை சீர்திருத்தத்திற்காக நிறுத்தப்பட்டது. வெள்ளம் வரும் நாளில் உயர்பாதையே ஊருக்குப் புகலிடம். ஆதலின் அதைச் சாதாரண நாளின் கூட்டத்தை எண்ணி மட்டும் அமைப்பது தகாது.

தாய்நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. சென்னையில் நாம் 'பறக்கும் ரயில்' என்றழைக்கும் தடம் 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரையிலும், 1997இல் திருமயிலை வரையிலும், 2007இல் வேளச்சேரி வரையிலும் திறக்கப்பட்டது. பக்கிங்காம் கால்வாயை ஒட்டித் தடம் சென்றமையால் சில நிலையங்கள் கடைத்தெருவிலிருந்தும் பேருந்து நிறுத்தத்திலிருந்தும் விலகி நின்றன. மாளிகை போன்ற கூடங்கள் கட்டினார்கள். அவற்றிற் பல நெடுங்காலம் வெறிச்சோடிக் கிடந்தன. பொழுது சாய்ந்தபின் பெண்கள் தனியே செல்ல அஞ்சினர். சிமெண்டுக்கும் இரும்புக்கும் குறைவில்லை. தெருவிலிருந்து நிலையத்துக்கு வரும் வழியில்தான் குறை.

பெரியோர்களே, நான் சொல்லவந்த கருத்து இதுதான்: உயர்ந்த நிலையத்தின் உயிர் மேலே இல்லை, கீழே இருக்கிறது. தரையில் நிற்கும் மனிதன் நடைமேடையை அடையும் வழி நேரானதாயின் அது நல்ல நிலையம். அன்றேல் அது வெறும் தூண்களின் வரிசை.

இதைச் சீத்தா கேம்பில் நின்று சொல்லுவதற்குக் காரணமும் உண்டு. 1976இல் ஜனதா காலனியிலிருந்து பெயர்க்கப்பட்ட நம் முன்னோர், சேறும் சதுப்புமான இந்நிலத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்கி வீடும் வழிபாட்டிடமும் எழுப்பினார்கள். எங்கே வாழவேண்டும் என்பதை வேறு யாரோ முடிவு செய்தார்கள், நம்மைக் கேட்கவில்லை. எந்த வழியாக நடக்கவேண்டும் என்பதையேனும் நாம் எடுத்துச் சொல்லவேண்டாமா?

ஆகவே நம் அருகிலுள்ள நிலையங்களைக் குறித்து நான்கு கேள்விகள் கேட்போம். நம் குடியிருப்பிலிருந்து அங்குச் செல்ல, மழைக்காலத்திலும் முழங்கால் நனையாத நடைபாதை உண்டா? பேருந்தும் பங்கு ஆட்டோவும் படிக்கட்டின் அடியிலேயே நிற்குமா? மின்தூக்கி முதல் வண்டி முதல் கடைசி வண்டி வரை இயங்குமா? சீட்டு வாங்காமலே இடைத்தளத்தின் வழியாகச் சாலையைக் கடக்க விடுவார்களா?

இக்கேள்விகளுக்குப் பொறியியற் பட்டம் தேவையில்லை. கூடையைத் தலையில் சுமந்து செல்லும் தாய்க்கும், ஊன்றுகோல் பிடித்த பாட்டனாருக்கும் விடை தெரியும். அவர்களை முன்னிறுத்தி, அவர்கள் சொல்லை எழுத்தில் வடித்து, உரிய அலுவலகத்தில் மனுவாகக் கொடுப்பது நம் சங்கம் செய்யத்தக்க தொண்டு. மனு எழுதுவது குமாஸ்தாவின் தொழில். அப்பணியை நானே மகிழ்ச்சியுடன் ஏற்கிறேன். கையெழுத்திடுவது உங்கள் கடமை.