நிலத்தின் நடுக்கம் சொல்லும் செய்தி



நகையை அடகு வைத்துத் துளையிட்ட கிணறு வறண்டு போனால், அக்குடும்பம் எத்தனை ஆண்டுகள் துன்புறும் என்பதை நீங்கள் அறிவீர்கள். துளையிடுமுன் நிலத்தின் அடியை அறியும் முறை ஒன்றைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

நெற்குதிரின் வெளிப்புறத்தைத் தட்டி, உள்ளே நெல் எவ்வளவு என்று ஓசையாலேயே அறிகிறோம் அல்லவா? பூமியையோ நாம் தட்டவும் வேண்டியதில்லை. கடலலையும் காற்றும், சுண்ணாம்புக்கல் லாரிகளும் ரயிலும் இரவு பகலாக அதைத் தட்டிக்கொண்டே இருக்கின்றன. அந்நடுக்கம் நமக்குப் புலப்படாது. நுட்பமான கருவிக்குப் புலப்படும்.

கடும்பாறையின் மேலுள்ள இளகிய படிவு மெல்லியதாயின் விரைந்தும், தடித்ததாயின் மெதுவாகவும் ஆடும். குறுக்கலை விநாடிக்கு 200 மீட்டர் செல்லும் மண்ணில், 10 மீட்டர் படிவு விநாடிக்கு 5 முறை ஆடும்; 25 மீட்டர் படிவு 2 முறையே ஆடும். பக்கவாட்டு ஆட்டத்தை மேல்கீழ் ஆட்டத்தோடு ஒப்பிட்டு இதனைக் காணும் முறையை, ஜப்பானிய ரயில்வே ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர் நகாமுரா 1989-ல் விளக்கினார். வெடி வேண்டாம், ஓரிடத்தில் அரைமணி நேரம் கருவியை வைத்தால் போதும். ஓடும் பம்பு செட்டின் அருகே மட்டும் வைக்கலாகாது, விடை பிழைபடும்.

பெரம்பலூரின் மேற்கே, பச்சைமலைப் பக்கம், கடும்பாறை நிலம். அங்கே நீர் தங்குவது மேலே சிதைந்த பாறையிலும், கீழுள்ள வெடிப்புகளிலுமே. சிதைந்த பாறை எங்கே தடித்துள்ளது என்பதை இம்முறையால் மதிப்பிடலாம். கிழக்கே அரியலூர்ப் பகுதி பண்டைக் கடல் பரவியிருந்த நிலம். சுண்ணாம்புக்கல், மணற்கல், களிமண் ஆகியவை அடுக்கடுக்காய் உள்ளன. அடுக்குகளின் கடினத்தில் பெரும் வேறுபாடு இல்லாத இடத்தில் விடை தெளிவாக அமையாது.

இன்னொன்றையும் மறவாதீர்கள். இக்கருவி படிவின் தடிப்பைச் சொல்லுமேயன்றி, தண்ணீர் உண்டென்று சொல்லாது. மின்தடை அளவீட்டையும், அண்டைக் கிணறுகளின் அனுபவத்தையும் இதனோடு சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் தோண்டும் ஒவ்வொரு கிணற்றிலும் எத்தனை அடியில் பாறை தட்டியது, எத்தனை அடியில் நீர் கண்டது, எது வறண்டது என்று பஞ்சாயத்துப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். கருவி காட்டும் எண்ணைச் சரிபார்க்க அக்கணக்கே உரைகல். ஒருவர் வயலில் பட்ட நஷ்டம் மற்றவருக்குப் பாடமாகட்டும்.