கொசுவும் வேவு பார்க்குமா?

(திருவொற்றியூர்ப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சிலருக்கு வேடிக்கையாய்த் தோன்றலாம். பறவையைப் போலவும் பூச்சியைப் போலவும் இயந்திரம் செய்து, அதற்குள் கேமராவை வைத்து வேவு பார்க்கிறார்கள் என்பதும், அதைக் கேள்விப்பட்ட ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதுமே அவ்விஷயம். ஒரு கூட்டத்தார், "மாடியில் உட்காருகிற காக்கையைக்கூட இனி நம்ப முடியாது, கொசுவும் சீனாக்காரன் அனுப்பியதாயிருக்கலாம்" என்று பயப்படுகிறார்கள். மற்றொரு கூட்டத்தார், "இதென்ன புதுமை? நம் புராணத்தில் கிளியும் கழுகும் தூது போகவில்லையா?" என்று பெருமைப்படுகிறார்கள். இந்த இரு கூட்டத்தாரும் செய்யாத காரியம் ஒன்று உண்டு. அந்தச் சாமான் எப்படிப் பறக்கிறது, எவ்வளவு நேரம் பறக்கிறது, யார் கையில் இருக்கிறது என்று அவர்கள் விசாரிக்கவேயில்லை. அதை நாம் விசாரிப்போம்.

முதலில், உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவோம். இது வெறும் கட்டுக்கதையல்ல. அமெரிக்காவின் ஒற்றர் இலாகாவாகிய சி.ஐ.ஏ. 1970-களிலேயே தும்பியைப் போல ஒரு யந்திரம் செய்து பறக்கவிட்டுப் பார்த்தது. 2011-ல் அந்நாட்டு ராணுவ ஆராய்ச்சி இலாகா பணம் கொடுத்து, தேன்சிட்டு போன்ற ஒன்றைச் செய்வித்தது. அது சிறகை விரித்தால் 16 சென்டிமீட்டர். எடை 19 கிராம். உள்ளே ஒரு கேமரா. 2013-ல் ஹார்வர்டு சர்வகலாசாலையார் ஈ அளவுள்ள ஒன்றைப் பறக்கவிட்டார்கள். அதன் எடை 80 மில்லிகிராம்தான். 2025 ஜூன் மாதத்தில் சீன ராணுவப் பல்கலைக்கழகம் ஒன்று, இரண்டு விரலுக்கிடையில் பிடிக்கத்தக்க கொசு போன்ற யந்திரத்தை அந்நாட்டுச் சர்க்கார் டெலிவிஷனில் காட்டியது.

இவ்வளவும் உண்மை. ஆனால் மீதி உண்மையையும் கேளுங்கள். அமெரிக்கத் தும்பி என்னவாயிற்று? பக்கவாட்டில் கொஞ்சம் காற்றடித்தால் அது நிலைகொள்ளவில்லை; ஆகவே கைவிட்டுவிட்டார்கள். இன்று அது காட்சிச்சாலைப் பொருள். ஹார்வர்டு ஈ பறந்தது வாஸ்தவம்; ஆனால் மெல்லிய கம்பி வழியாக வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துத்தான் அதைப் பறக்கவிட்டார்கள். கம்பியில்லாமல் பறக்க 2019 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்போதும் சூரியனைவிடப் பலமான விளக்கை அதன்மேல் காட்டி, ஒரு வினாடிக்கும் குறைவாகத்தான் அது பறந்தது.

இதன் காரணம் மிகவும் சுலபமானது. யந்திரம் சிறுத்தால் பாட்டரியும் சிறுக்க வேண்டும். பாட்டரி சிறுத்தால் சக்தியும் குறையும். சிறகடிக்கவே அந்தச் சக்தி போதவில்லையென்றால், படம் பிடிக்கவும் அதைத் தூரத்துக்கு அனுப்பவும் சக்தி எங்கிருந்து வரும்? காசிமேட்டில் சாயங்காலம் அடிக்கிற கடற்காற்றில் நிஜக் கொசுவே நிற்க முடியாமல் போகிறது. அப்படியிருக்க, கடல் கடந்து ஒரு பொய்க் கொசு வந்து உங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறது என்றால், அதைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டாமா? உங்களைக் கடிப்பது பக்கிங்ஹாம் கால்வாய்ச் சாக்கடையில் பிறந்த சொந்த ஊர்க் கொசுதான். அதற்கு விசாரணை மாநகராட்சியிடம் செய்யவேண்டும்.

நிற்க, யோசிக்காத பயம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு சங்கதி சொல்லுகிறோம். 2023 மே மாதத்தில் பம்பாய்த் துறைமுகப் பக்கம் ஒரு புறா பிடிபட்டது. அதன் காலில் வளையங்கள். அதில் சீன எழுத்துப் போன்ற எழுத்துக்கள். உடனே "ஒற்றன்" என்று போலீசார் சந்தேகித்தார்கள். எட்டு மாத காலம் அந்தப் புறா மிருக ஆஸ்பத்திரியில் அடைபட்டுக் கிடந்தது. முடிவில் தெரிந்தது என்ன? அது தைவான் நாட்டுப் பந்தயப் புறா. வழி தவறி வந்துவிட்டது. 2024 ஜனவரி 30-ந் தேதி அதைத் திறந்துவிட்டார்கள். இதற்கு முன் 2020-ல் காஷ்மீர் எல்லையில் இதேபோல் ஒரு புறாவைப் பிடித்து, வளையத்திலிருந்த எண்ணை ரகசியக் குறியென்று ஆராய்ந்தார்கள். எல்லைக்கு அப்பாலிருந்த ஒரு கிராமவாசி, "அது என் செல்போன் நம்பர், புறாவைக் கொடுத்துவிடுங்கள்" என்றார். ஆராய்ந்ததில் ஒன்றும் கிடைக்காமல் அதையும் விட்டுவிட்டார்கள்.

தோழர்களே! ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் மாடிக்கு மாடி ஹோமர் புறாவும் கர்ணப் புறாவும் வளர்க்கிறவர்கள் உங்களில் எத்தனை பேர்? பந்தயப் புறாவுக்குக் குஞ்சிலேயே காலில் வளையம் போடுவது உங்கள் வீட்டுப் பையனுக்குக்கூடத் தெரியும். ஆனால் அந்தப் பையனைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. காக்கை கரைந்தால் விருந்து வரும், ஆந்தை அலறினால் சாவு வரும், பல்லி சொன்னால் பலிக்கும் என்று பழகிய மூளைக்கு, புறா வந்தால் பகைவன் வருகிறான் என்பது புதிய பாடமல்ல. பழைய சகுனத்தின் மறுபதிப்பேயாகும்.

புறாவோடு இது போகிறதென்றால் நாமும் சிரித்துவிட்டுப் போய்விடலாம். 2018 மே மாதத்தில் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்தி கிளம்பிற்றே, அதை மறந்துவிட்டீர்களா? இங்கிருந்து சிறிது தூரத்திலுள்ள பழவேற்காட்டில், நாதியற்றுத் திரிந்த ஒரு மனிதனை ஜனங்கள் அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அந்தக் கும்பலில் ஒருவராவது "உனக்கு யார் சொன்னார்?" என்று கேட்டிருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும். வெளி மாகாணத்திலிருந்து நம் பாக்டரிகளுக்கு வேலைக்கு வந்திருக்கும் தொழிலாளி, பாஷை தெரியாமல் தெருவில் நிற்கிறான். நாளைக்கு "வேவுக்காரன்" என்ற வதந்தி அவன்மேல் பாய எத்தனை நாழிகையாகும்?

இப்படிச் சொல்லுவதால் நம்மை யாரும் வேவு பார்க்கவில்லை என்று நாம் சொல்லுவதாக எண்ணிவிடாதீர்கள். பார்க்கிற கண் ஒளிந்துகொண்டில்லை, பகிரங்கமாகவே இருக்கிறது. 2023 ஜூன் மாதத்தில் சென்னைப் போலீசார் அடையாற்றில் டிரோன் பிரிவு ஒன்றைத் திறந்தார்கள். அவை கொசு உருவத்தில் இல்லை. சத்தத்தோடு தலைக்கு மேல் பறப்பவை. கூட்ட நெரிசலில் அவை உதவலாம். கடலில் தத்தளிப்பவனைக் கண்டுபிடிக்கலாம். நல்லதுதான். ஆனால் அதே கண் நம் வேலைநிறுத்தக் கூட்டத்தின்மேல் நின்றால், எடுத்த படம் யாரிடம் போகிறது, எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்க வேண்டாமா?

சட்டம் என்ன சொல்லுகிறது? அந்தரங்கம் ஒவ்வொரு பிரஜைக்கும் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகளும் ஒருமுகமாய்த் தீர்ப்புச் சொன்னார்கள். ஆனால் 2023-ல் செய்த தகவல் பாதுகாப்புச் சட்டத்திலோ, தேசப் பாதுகாப்பு, பொது அமைதி என்கின்ற காரணங்களைக் காட்டி, மத்திய சர்க்கார் தன் இலாகாக்களுக்கு விலக்குக் கொடுத்துக்கொள்ள இடம் வைத்திருக்கிறார்கள். 2021-ல் செய்த டிரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேற்படாத டிரோனை ஓட்ட லைசென்ஸ் வேண்டியதில்லை. 19 கிராம் தேன்சிட்டு இதில் எந்த வகை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒரு முதலாளி அத்தகைய ஒன்றை வாங்கி, தொழிலாளர் சங்க ஆபீஸ் ஜன்னலில் விட்டால் என்ன செய்வது? பயப்பட வேண்டிய இடம் இதுதான். யந்திரத்தின் உருவம் காக்கையா கொசுவா என்பதைவிட, அதன் கயிறு யார் கையில் என்பதே முக்கியம்.

கடைசியாக ஒன்று. 2023 டிசம்பர் 26-ந் தேதி நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில், கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் வரும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. ஜனங்களை எழுப்பியது நெடிதான். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கண்ணும் தொண்டையும் எரிய ஓடினார்கள். அதே மாதத்தில்தான் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் கழிமுகத்தில் பரவி, மீனையும் வலையையும் நாசம் செய்தது. மனிதனுக்குத் தும்பியைப் போலப் பறக்கும் கண்ணைச் செய்யத் தெரிந்திருக்கிறது. அந்தக் கண்ணைக் குழாயின்மேலும் புகைபோக்கியின்மேலும் வைத்து, அது கண்டதைக் குப்பத்து ஜனங்களுக்கு உடனே சொல்லும்படி செய்ய மட்டும் ஏன் தெரியவில்லை? ஏழை எங்கே போகிறான் என்று பார்க்கிற கண், கம்பெனி எதைக் கொட்டுகிறது என்று ஏன் பார்ப்பதில்லை?

ஆகவே தோழர்களே, வாட்ஸ்அப்பில் ஒரு கொசுப் படம் வந்தால் அனுப்பியவரைக் கேளுங்கள்: யார் செய்தது? எவ்வளவு நேரம் பறக்கும்? உனக்கு எப்படித் தெரியும்? தலைக்கு மேல் டிரோன் வந்தால் அதிகாரியைக் கேளுங்கள்: எந்த உத்தரவின்பேரில்? படம் எங்கே போகிறது? எப்போது அழிப்பீர்கள்? எழுதிக் கேளுங்கள், தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் இருக்கிறது. நாம் சொன்னதையும் இப்படியே விசாரித்துப் பார்த்து, உங்கள் அறிவுக்குப் பொருந்தினதை மாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகின்றோம்.