திவால் நோட்டீசு வந்தால் நாம் செய்ய வேண்டியது
(கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றி நாம் மேடையில் உரக்கப் பேசுகிறோம். கடனைப் பற்றி மட்டும் அடுக்களையில் மெல்லப் பேசுகிறோம். அது அவரவர் வீட்டு விஷயம் என்று ஒதுக்கி வைத்ததால், பல குடும்பங்கள் யாரிடமும் கேட்காமலே மூழ்கிப் போயின. ஆகவே இன்று அதைப் பற்றியே பேசுவோம்.

கடன் நமக்குப் புதிதல்ல. நம் முன்னோரில் பலர் கப்பல் ஏறும்போதே கங்காணியின் முன்பணத்தையும் சுமந்துகொண்டு ஏறினார்கள். பிரட்டுக் களத்தில் பெயர் பதியும் முன்பே கடன் கணக்கில் பெயர் பதிந்தது. அந்தக் கடன் எங்கே முடியும் என்று எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. இன்றைய கடனோ மோட்டார் சைக்கிள், கார், வீடு, கடன் அட்டை, பிள்ளையின் படிப்பு என்று வருகிறது. இதற்கு ஒரு முடிவைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. நாம்தான் அதைப் படிப்பதில்லை.

ஊரில் ஒருவரைப் பற்றி, “மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்” என்று ஏளனமாகச் சொல்வார்கள். இந்நாட்டில் திவாலுக்கு உள்ள சட்டம் 1967ஆம் ஆண்டுச் சட்டம். 2017 அக்டோபர் முதல் அதற்கு நொடிப்புச் சட்டம் என்று பெயர். கடன் கட்ட முடியாமற் போவது அந்தச் சட்டத்தில் குற்றமல்ல. கடனாளியின் சொத்தை நொடிப்புத் துறைத் தலைமை இயக்குநர் பொறுப்பேற்று, கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிட்டு, முடிவில் கடனாளியை விடுவிக்கிறார். திவால் என்பது இவ்வளவுதான்.

எவ்வளவு கடனுக்குத் திவால் ஆக்கலாம்? 2003இல் 10,000 வெள்ளியாக இருந்த வரம்பு 30,000 ஆயிற்று. 2017இல் 50,000, 2021 முதல் நிரந்தரமாக 100,000 வெள்ளி. அதற்குக் குறைந்த கடனுக்கு இன்று புதிதாக எவரையும் திவால் ஆக்க முடியாது. ஆனால் கடன் தள்ளுபடி ஆகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். கோர்ட்டுத் தீர்ப்பு வாங்கிப் பொருளை ஜப்தி செய்யலாம், வட்டியும் ஏறும்.

காரியம் நடக்கும் முறை இது. முதலில் கடன் கொடுத்தவர் கோர்ட்டில் தீர்ப்பு வாங்குகிறார். பிறகு திவால் நோட்டீசு வருகிறது. பெற்ற 7 நாளில் பணத்தைக் கட்ட வேண்டும், அல்லது பேசித் தீர்க்க வேண்டும், அல்லது கோர்ட்டில் எதிர்க்க வேண்டும். ஒன்றும் செய்யாவிட்டால் உயர்நீதிமன்றத்தில் மனு விழும். பின் ஆணை வரும். கோலாலம்பூர்க்காரருக்குக் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம். கிள்ளான்காரருக்கு ஷா ஆலம்.

இங்கேதான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஆட்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்டார்கள். கடன் பத்திரத்திலோ பழைய லயத்து விலாசம். நோட்டீசை நேரில் கொடுக்க வேண்டும் என்பதே விதி. ஆனால் ஆள் ஒளிகிறார் என்று கோர்ட்டு கருதினால், பத்திரிகை விளம்பரம் போன்ற வேறு வழிக்கு அனுமதி தந்துவிடும். விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி தடுத்த பிறகே தாம் திவால் என்று அறிந்தவர்கள் உண்டு. வீடு மாறினால் பேங்குக்கு எழுதிப் புது விலாசம் கொடுங்கள்.

திவால் ஆனவர் அனுமதியின்றி வெளிநாடு போக முடியாது. கம்பெனி இயக்குநராக இருக்க முடியாது. சொத்து அவர் கையைவிட்டுப் போகும். ஆனால் பால் வெட்டவோ, ஆபீசில் உத்தியோகம் பார்க்கவோ தடையில்லை. சட்டம் குறிக்கும் மதிப்பு வரை தொழிற்கருவி, உடுப்பு, படுக்கை ஆகியவற்றைப் பறிக்க முடியாது. சேமநிதியில் உள்ள பணம் அங்கே இருக்கும் வரை அதில் கை வைக்க எவருக்கும் உரிமை இல்லை.

மிக முக்கியமான விஷயம் ஒன்று. ஆணை வந்ததும் சொத்து, கடன் விவரப் பத்திரத்தை நொடிப்புத் துறையிடம் கொடுக்க வேண்டும். துறை குறிக்கும் தொகையைக் கட்டி, கணக்கும் ஒழுங்காகக் கொடுத்து வந்தால், அந்தப் பத்திரம் கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டில் சட்டப்படி தானாகவே விடுதலை கிடைக்கும். பத்திரம் கொடுக்காதவருக்கு அந்த 3 ஆண்டு தொடங்குவதே இல்லை! பயந்து ஒளிந்தவர் ஆண்டுக்கணக்கில் திவாலாகவே கிடக்கிறார். துணிந்து போனவர் வெளியே வந்துவிடுகிறார். கடும் நோயாளிகள், ஊனமுற்றோர், 70 வயது கடந்து கட்ட இயலாதவர்கள் ஆகியோரைத் தலைமை இயக்குநர் விடுவிக்க முன்வந்தால், கடன் கொடுத்தவர் ஆட்சேபிக்க முடியாது.

இனி ஜாமீன். “அண்ணே, ஒரு கையெழுத்துப் போடுங்கள்” என்றால் நம்மவருக்கு மறுக்க வாய் வராது. லாபம் கருதாமல் படிப்புக் கடனுக்கும், சொந்த உபயோகத்துக்கான வண்டிக்கும், குடியிருக்கும் வீட்டுக்கும் ஜாமீன் நின்றவரைத் திவால் ஆக்கக் கூடாது என்று 2017இல் திருத்தம் வந்தது. வியாபாரக் கடன் போன்ற பிற கடன்களுக்கு ஜாமீன் நின்றவரை, கடன் வாங்கியவரிடம் எல்லா வழியும் பார்த்த பிறகே, கோர்ட்டின் அனுமதி பெற்றுத் தொட முடியும். அப்படியும் ஆபத்து உண்டு. ஆகவே உறவுக்காகக் கையெழுத்துப் போடும் முன் பத்திரத்தைப் படியுங்கள்.

பிரிக்பீல்ட்சிலிருந்து கிள்ளான் வரை விளக்குக் கம்பங்களில் “உடனடிக் கடன்” என்று ஒட்டியிருப்பதைப் பார்க்கிறோம். பேங்குக் கடனை அடைக்க வட்டி முதலையிடம் போவது, கிணற்றுக்குத் தப்பிக் கடலில் விழுவது போல. லைசென்சு பெற்றவரே ஈடில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 சதவிகிதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. ஆயிரம் வெள்ளிக்கு ஆண்டுக்கு 180 வெள்ளி, மாதத்துக்கு 15 வெள்ளி. இதற்கு மேல் கேட்பவரிடம் கை நீட்டாதீர்கள். லைசென்சு இல்லாதவரின் கடன் பத்திரம் கோர்ட்டில் செல்லாது. அதைக் கொண்டு உங்களைத் திவால் ஆக்க முடியாது. மிரட்டினால் போலீசில் புகார் கொடுங்கள். பேங்கு அட்டையை எவரிடமும் அடகு வைக்காதீர்கள்.

தவணை இரண்டு தவறும்போதே செய்ய வேண்டியது என்ன? பேங்க் நெகாரா 2006இல் ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிறுவனத்தை அமைத்தது. அங்கே ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. உங்கள் வருமானத்தைப் பார்த்து, பேங்குகளோடு பேசி, கட்டக்கூடிய தவணையாக மாற்றித் தருவார்கள். ஆனால் திவால் ஆணை வந்த பிறகு அந்தத் திட்டத்தில் சேர முடியாது. அதேபோல், ஆணைக்கு முன் கோர்ட்டில் சுயவிருப்ப ஏற்பாட்டுக்கு மனுச் செய்தால் 90 நாள் இடைக்காலப் பாதுகாப்பு கிடைக்கும். அதற்குள் கடன் கொடுத்தவர்களோடு ஒப்பந்தம் பேசலாம்.

தோழர்களே! கதவுகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் மூடும் நேரமும் உண்டு. கடிதத்தை அலமாரியில் செருகி வைத்தால் கடன் குறையாது, நாள்தான் குறையும். மலாயிலோ இங்கிலீஷிலோ வந்த கடிதம் புரியவில்லையா? கிராணியிடம் காட்டுங்கள், கிளைச் செயலாளரிடம் கொண்டு வாருங்கள். கிராணி நண்பர்களே, அதைப் படித்துச் சொல்வதும் தொழிற்சங்கத் தொண்டுதான். படித்ததை ஊரில் பரப்பாமல் இருப்பதும் அந்தத் தொண்டில் சேர்ந்தது.

கூலிக்காகச் சேர்ந்து நிற்கத் தெரிந்த நமக்கு, கடனுக்காகவும் சேர்ந்து நிற்கத் தெரிய வேண்டும். வெட்கத்தை விடுங்கள், கடிதத்தைப் பிரியுங்கள், காலத்தோடு வாருங்கள்.