எங்க ஊர்ல பாக்க என்ன இருக்கு?

இந்த வாரம் கெஸ்ட் யாரும் இல்ல. நான் மட்டும்தான். வெளியில மழை வேற, அதனால நடுவுல தாம்பரம் ரயில் ஹாரனோட மழைச் சத்தமும் சேர்ந்து கேட்டா கண்டுக்காதீங்க.

போன மாசம் ஆபீஸ் லஞ்ச்ல நடந்ததுல இருந்து ஆரம்பிக்கறேன். எங்க டீம்ல புதுசா லக்னோக்காரர் ஒருத்தர் சேர்ந்திருக்கார். எல்லாரும் அவங்கவங்க ஊர் பெருமையைப் பேசிட்டு இருந்தோம். மதுரைக்காரன் மீனாட்சியம்மன் கோயில், ஜிகர்தண்டான்னு அரை மணி நேரம் பேசினான். என் முறை வந்தப்போ, "காஞ்சிபுரம் பக்கம்"னு சொல்லி முடிச்சிட்டேன். அவர் விடல. "பக்கம்னா? ஊர் பேர் என்ன? அங்க பாக்க என்ன இருக்கு?"

"உத்திரமேரூர். ஒண்ணும் பெருசா இல்ல. ஒரு ஏரி, நாலஞ்சு கோயில், ஒரு பஸ் ஸ்டாண்ட்."

ரெண்டு நிமிஷம் கழிச்சு அவர் போனை என் பக்கம் திருப்பிக் காட்டறார். "பாய், உங்க ஊர் பேரை 2020 டிசம்பர்ல புது நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டற விழாவுல பிரதமரே சொல்லியிருக்காரே? ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி எலெக்‌ஷன் நடந்த ஊராமே?"

லக்னோல இருந்து வந்தவர் என் ஊரைப் பத்தி எனக்குச் சொல்றார். சாம்பார் சாதம் தொண்டையில நின்னுடுச்சு.

சரி, நான் வளர்ந்த ஊரு எப்படின்னு சொல்லிடறேன். தாம்பரத்துல இருந்து மின்சார ரயில்ல செங்கல்பட்டு, அங்க இருந்து பஸ். 2019-ல செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆயிடுச்சு, நாங்க காஞ்சிபுரம் மாவட்டத்துலயே இருக்கோம். பேரூராட்சி. சுத்தி நெல்லு வயல். சின்ன வயசுல எங்களுக்குப் பொழுதுபோக்குன்னா ஏரிக்கரைதான். மழைக்காலத்துல ஏரி ரொம்பினா மொத்த ஊரும் கலங்கல் பாக்கக் கிளம்பிடும். தண்ணி வழியறதைப் பாக்க ஒரு கூட்டம், அந்தக் கூட்டத்தை நம்பி ஒரு வேர்க்கடலை வண்டி. எங்க ஊர் நயாகரா அதுதான்.

ஸ்கூல் டூர்னா வேடந்தாங்கல். ஒண்ணாவதுல வேடந்தாங்கல், அஞ்சாவதுல வேடந்தாங்கல், எட்டாவதுல "இந்த வருஷம் வேற எங்கயாவது சார்"னு கெஞ்சினோம், மறுபடியும் வேடந்தாங்கல். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன் எல்லாம் எங்களுக்குச் சொந்தக்காரங்க மாதிரி. வெளிநாட்டுல இருந்தெல்லாம் ஆளுங்க கேமராவோட வந்து நிப்பாங்க. நாங்க புளிசாதப் பொட்டலத்தைப் பிரிச்சிட்டு, 'இதுல என்ன இருக்கு'ன்னு பாத்துட்டு இருப்போம்.

அப்புறம் சுந்தரவரதராஜப் பெருமாள் கோயில். பல்லவர் காலத்துது. மூணு நிலை. கீழ நின்ன கோலம், நடுவுல உக்காந்த கோலம், மேல படுத்த கோலம். சின்னதுல எனக்கு அது சாமி வீட்டு மாடிப்படி. மேல ஏறினா காத்து நல்லா வரும், அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல இன்னொரு சின்னக் கோயில். வைகுண்டப் பெருமாள் கோயில். தொல்லியல் துறையோட நீலக் கலர் போர்டு இருக்கும். பஸ் வரலைன்னா நிழலுக்கு அங்க போய் உக்காருவோம். நான் முதுகு சாஞ்சு கோன் ஐஸ் சாப்பிட்ட அந்தச் சுவத்துலதான் நாடாளுமன்றம் வரைக்கும் போன கல்வெட்டு இருக்கு.

ஸ்கூல்ல இது அஞ்சு மார்க் கேள்வி. 'குடவோலை முறை பற்றி குறிப்பு வரைக.' மனப்பாடம் பண்ணி எழுதி மார்க் வாங்கியாச்சு. ஒரு நாள் கூட நடந்து போய் அந்தச் சுவரைப் பாக்கணும்னு தோணல.

இந்த லக்னோ நண்பர் ஒரு சனிக்கிழமை கிளம்பிட்டார். "வா, உன் ஊரைப் பாக்கலாம்." அவருக்காகத்தான் முந்தின நாள் ராத்திரி உக்காந்து அந்தக் கல்வெட்டோட மொழிபெயர்ப்பை முழுசா படிச்சேன். படிக்கப் படிக்க எனக்கு சிரிப்பு. ஏன்னா அது ஒரு ஸ்பெக் டாக்குமெண்ட் மாதிரியே இருக்கு.

முதலாம் பராந்தக சோழன் காலம். ரெண்டு கல்வெட்டு. ஒண்ணு 919, இன்னொண்ணு 921. அதாவது 919-ல வெர்ஷன் ஒண்ணு ரிலீஸ் பண்ணாங்க. ரெண்டே வருஷத்துல ஏதோ பிரச்சனை வந்திருக்கு, வெர்ஷன் ரெண்டு விட்டிருக்காங்க. முதல்ல வயசு 30-ல இருந்து 60 வரைக்கும்னு இருந்தது, ரெண்டாவதுல 35-ல இருந்து 70 ஆயிடுச்சு. அதோட தகுதியில்லாதவங்க பட்டியலை நல்லா இறுக்கிட்டாங்க.

ஊரை 30 குடும்பாப் பிரிச்சிருக்காங்க. குடும்புன்னா நம்ம வார்டு. ஒவ்வொரு குடும்புலயும் தகுதி உள்ளவங்க பேரை ஓலையில எழுதி, கட்டி, குடத்துல போடணும். ஊர் சபை முழுசா கூடியிருக்கணும். வயசானவர் ஒருத்தர் குடத்தை எல்லாருக்கும் தெரியற மாதிரி தூக்கிக் காட்டணும். உள்ள என்ன இருக்குன்னே தெரியாத சின்னப் பையன் ஒருத்தன் ஓலையை எடுக்கணும்.

அந்த ஓலையை வாங்கற ஆள் அஞ்சு விரலையும் விரிச்சு, உள்ளங்கையிலதான் வாங்கணும். எதுக்குத் தெரியுமா? கைக்குள்ள வேற ஓலையை மறைச்சு வெச்சு மாத்திடக் கூடாதுன்னு. படிச்சதும் எனக்கு ஒண்ணு தோணுச்சு. எவனோ ஒருத்தன் ஏற்கெனவே மாத்தியிருக்கான்! அந்த பக்-ஐ ஃபிக்ஸ் பண்ணதுதான் இந்த ரூல்.

அடுத்தது, பதவியில இருந்துட்டு கணக்கு காட்டாதவன் நிக்கக் கூடாது. அவன் மட்டும் இல்ல. அவன் சின்னம்மா பசங்க, பெரியம்மா பசங்க, அத்தை பையன், மாமன், மாமனார், மச்சான், மருமகன், அப்பா, பிள்ளை யாரும் நிக்கக் கூடாது. மொத்தக் கல்யாணப் பத்திரிகையையும் கல்லுல வெட்டி வெச்சிருக்காங்க. கடைசி மூணு வருஷத்துல வாரியத்துல இருந்திருந்தாலும் கிடையாது. பதவிக்காலம் 360 நாள்.

தேர்வாகற 30 பேர்ல 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். ஏரிக்குன்னு தனியா ஒரு கமிட்டி.

கவனிச்சீங்கன்னா ஒண்ணு புரியும். நாம இதை 'எலெக்‌ஷன்'னு சொல்றோம், ஆனா இங்க யாரும் ஓட்டு போடல. இது குலுக்கல். தகுதி இருந்தா பேர் குடத்துக்குள்ள போகும். மீதி அந்தப் பையன் கையில.

கோயில் வாசல்ல நின்னு இதெல்லாம் நான் பெருமையா விளக்கிட்டு இருக்கேன். நண்பர் எல்லாம் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அப்போ உங்க முன்னோர் பேர் அந்தக் குடத்துல இருந்திருக்குமா?"

எனக்குப் பதில் வரல. பதில் தெரியும். முந்தின நாள் ராத்திரிதான் படிச்சேன். அதனாலதான் வரல.

அந்தத் தகுதி என்னன்னா, கால் வேலிக்கு மேல வரி கட்டற நிலம் சொந்தமா இருக்கணும். சொந்த மனையில வீடு கட்டியிருக்கணும். வேதம் படிச்சிருக்கணும். ஏன்னா அது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம், அந்த சபை அவங்களோட சபை. பெண்கள் பேச்சே இல்ல. நிலத்துல இறங்கி வேலை செஞ்சவங்க பேச்சும் இல்ல. எங்க ஆயா நடவு நட்டவங்க. தாத்தா அடுத்தவங்க வயல்ல ஏர் ஓட்டினவர். எங்க ஆளுங்க அந்த ஊர்ல இருந்திருந்தா, அந்தக் குடத்தை வனைஞ்சிருக்கலாம், ஓலை வெட்டிக் கொடுத்திருக்கலாம். அதுக்குள்ள பேரா போயிருக்க முடியாது.

அப்ப நான் என்னத்துக்கு பெருமைப்பட்டுட்டு நிக்கறேன்? நிஜமாவே குழம்பிட்டேன்.

மத்தியானம் வீட்டுல சாப்பாடு. ஆயாவுக்கு எண்பது வயசு கிட்ட. நண்பர் கேட்டதை அவங்க கிட்ட சொன்னேன். ஆயா கருவாட்டுக் குழம்பு ஊத்திக்கிட்டே சொன்னாங்க, "அவங்க குடத்துல நம்ம பேரு எதுக்குடா இருக்கப் போவுது? நான் மொத மொத ஓட்டு போட்டது அண்ணா ஜெயிச்சாரே, அந்த எலக்‌ஷன்ல. பண்ணக்காரரு எனக்கு முன்னால கியூவுல நின்னாரு. அவரு வீட்டு வாசப்படி நான் ஏறுனது இல்ல. அன்னிக்கு அவருக்கும் ஒரு ஓட்டு, எனக்கும் ஒரு ஓட்டு. வெரல்ல வெச்ச மைய நாலு நாளு தேய்க்காம வெச்சிருந்தேன்."

அண்ணா ஜெயிச்சது 1967. அப்போ ஓட்டு போட 21 வயசு ஆகியிருக்கணும். கணக்கு சரியா வருது.

அதோட நிறுத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். ஆயா என் பக்கம் திரும்பினாங்க. "நீதான் பெரிய வேலைக்காரன், வரவே இல்லியே."

அவங்க சொன்னது 2022 பிப்ரவரி 19. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். அன்னிக்கு எங்க ப்ராஜெக்ட்ல புரொடக்‌ஷன் ரிலீஸ். அப்பா மூணு தடவை போன் பண்ணார். "வேலை இருக்குப்பா"ன்னு வெச்சிட்டேன். ஆனா அப்போ நாங்க எல்லாரும் வீட்டுல இருந்துதான் வேலை பாத்துட்டு இருந்தோம். லேப்டாப்பைத் தூக்கிட்டு முந்தின நாளே ஊருக்குப் போயிருக்கலாம். தோணவே இல்ல. அப்பா அதுக்கப்புறம் ஒரு வாரம் என் கிட்ட சரியாப் பேசல.

இதுல இன்னொரு கூத்து இருக்கு. அதே நாள்தான் தாம்பரம் மாநகராட்சிக்கு முதல் தேர்தல். 2021 நவம்பர்லதான் தாம்பரம், பல்லாவரம், பம்மல், செம்பாக்கம், சிட்லபாக்கம், பெருங்களத்தூர்னு சுத்தியிருந்த ஊரையெல்லாம் சேர்த்து மாநகராட்சி ஆக்கினாங்க. 70 வார்டு. நான் குடியிருக்கற சேலையூர் பக்கம் என் தெருவுல பூத். அங்க எனக்கு ஓட்டு இல்ல. ஓட்டு இருக்கற ஊர்ல நான் இல்ல.

தெருவுல தண்ணி நின்னா நான் திட்டறது தாம்பரத்தை. குப்பை வண்டி வரலைன்னா புலம்பறது தாம்பரத்துல. இங்க இருக்கற ஏரிகளைப் பாருங்க. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லபாக்கம். எங்க ஊர் மாதிரிதான், ஏரியை நம்பி இருந்த ஊருங்க. 2015 வெள்ளத்துல முடிச்சூர், வரதராஜபுரம் என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும். சிட்லபாக்கத்துல மக்களே ஏரியில இறங்கி சுத்தம் பண்ணாங்க. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஏரிக்குன்னு ஆறு பேரை உக்கார வெச்சாங்கன்னு நான் ஊர்ல பெருமை பேசறேன். என் தெருவுக்குப் பின்னாடி இருக்கற ஏரிக்கு யார் பொறுப்புன்னு கேட்டா எனக்குத் தெரியாது. என் வார்டு கவுன்சிலர் யாருன்னு இந்த எபிசோடுக்காகத்தான் தேடிப் பாத்தேன்.

கிளம்பறப்போ ஆயா கிட்ட கேட்டேன், "ஆயா, ஓட்டை தாம்பரத்துக்கு மாத்திடட்டுமா?" அப்பாவுக்குப் பிடிக்கல. "அப்போ ஊர்ல உன் பேரே இருக்காதா?"ன்னார். ஆயா யோசிக்கவே இல்ல. "எந்த ஊரு தண்ணி குடிக்கிறியோ, அங்க போடு. இங்க எனக்கு ஒண்ணு இருக்குது, போதும்."

போன வாரம் படிவம் 8 போட்டாச்சு. வீடு மாறினவங்க அந்தப் படிவத்துலதான் முகவரி மாத்தணும். ஆன்லைன்லயே முடிஞ்சிடும். கடைசி பட்டனை அழுத்தறப்போ மட்டும் ஒரு மாதிரி இருந்துச்சு. பொய் சொல்லல.

கல்வெட்டு மேல எனக்கு இப்பவும் பெருமை இருக்கு. கணக்கு காட்டாதவன் நிக்கக் கூடாதுன்னு கல்லுல வெட்டினதும், அஞ்சு விரலை விரிச்சு வாங்குன்னு சொன்னதும் சாதாரண விஷயம் இல்ல. அதே கல்லு எங்க ஆயாவை உள்ள விடல, அதையும் சேர்த்துத்தான் சொல்லணும். இனிமே யாராவது "உங்க ஊர்ல பாக்க என்ன இருக்கு"ன்னு கேட்டா, ரெண்டையும் சொல்றதா முடிவு பண்ணியிருக்கேன்.

நீங்க போகணும்னா காலையிலயே கிளம்புங்க. முதல்ல வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர், அப்புறம் சுந்தரவரதர் கோயில் மாடி, சாயங்காலம் ஏரிக்கரை. நவம்பர்ல இருந்து மார்ச்சுக்குள்ளன்னா வேடந்தாங்கலையும் சேர்த்துக்கலாம். மே மாசம் போய் "பறவையே இல்லையே"ன்னு எனக்கு மெசேஜ் போடாதீங்க.

உங்க ஊர்ல நீங்க முதுகு சாஞ்சு உக்காந்த சுவர் எது? வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்த எபிசோடுல போடறேன். அப்படியே உங்க ஓட்டு எந்த ஊர்ல இருக்குன்னும் ஒரு தடவை பாத்துடுங்க. அடுத்த வாரம் பாக்கலாம்!